பெயருள்ள ஒரு பாத்திரம்

பிள்ளை, எந்தக் கடதாசி வந்தாலும் நீ வாசலில் நின்றபடி, ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் கால் வெறுமையுமாக வாசிக்கிறவள். இதை இருந்து வாசி. தமிழில் எழுதியிருக்கிறேன், நீளமாகவும் எழுதியிருக்கிறேன். ஒன்பது வயதில் ஒக்லாந்துக்கு வந்து இறங்கியபோது உனக்குத் தமிழ் எழுதவும் வாசிக்கவும் தெரியும். அதை மறக்கவில்லை என்று எத்தனையோ தரம் என்னோடு சண்டை பிடித்திருக்கிறாய். சரி, இப்போது பார்ப்போம். எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை. அவசரப்பட்டு வாசிக்கிற விஷயம் இதில் ஒன்றும் இல்லை.

இதை உறையில் போட்டு உனக்கே அனுப்பியிருக்கலாம். எங்கே அனுப்ப? மெல்பேர்ணில் இருக்கிறாய் என்பது மட்டும்தான் தெரியும். அப்பா போனில் விலாசம் கேட்டால், வீடு சரிவந்ததும் தருகிறேன் என்கிறாயாம். என்னோடு கதைக்க நீ கேட்பதில்லை. நானும் வந்து போனை வாங்கியதில்லை. இங்கேயுள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். சமையல் குறிப்பு என்றாலும் காணும் என்றார்கள். மலர் மெல்பேர்ணுக்கும் போகுமா என்று கேட்டேன். போகும், அங்கேயுள்ள சங்கத்துக்கும் கோயிலுக்கும் அனுப்புகிறோம் என்றார்கள். அப்படியென்றால் சமையல் குறிப்பு இல்லை, என் மகளுக்கு ஒரு கடிதம் தருகிறேன் என்றேன். "அக்கா, ஊர் முழுக்க வாசிக்குமே!" என்று ஒருவர் பயந்தார். வாசிக்கட்டும். ஊருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் அதைச் சொல்லித் தொலைக்கிறேன். என் மகள் டொக்டருக்குப் படிக்கவில்லை. கத்தி, ரத்தம், சத்திரசிகிச்சை எதோடும் அவளுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் படித்தது பாட்டும் ஆட்டமும் நடிப்பும் சேர்ந்த மேடை நாடகம். ஆங்கிலத்தில் மியூசிக்கல் தியேட்டர் என்கிறார்கள். மூன்று வருடம் அதில் பட்டம் வாங்கத்தான் ஓடினாள். பட்டம் வாங்கவில்லை. கேட்ட எல்லாவற்றையும் செய்து முடித்து, ஒன்றே ஒன்றைச் செய்யாமல் எழுந்து வந்துவிட்டாள். அந்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஊர் வாசித்தது காணும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நீ வாசி.

நீ பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். நான் காலை வேலை முடிந்து வந்து, காலைத் தூக்கி மற்றக் கதிரையில் போட்டுக்கொண்டு, என் சில்வர் பேணியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கலியாணத்துக்கு வந்த சாமான்களில் இந்த நாடு வரைக்கும் வந்து சேர்ந்தது அந்தப் பேணி ஒன்றுதான். விளிம்புக்குக் கீழே என் பெயர் வெட்டியிருக்கும். நீ வந்து முன்னால் நின்றாய்.

"அம்மா, நான் தியேட்டர் செய்யப்போறன்."

எனக்குத் தெரிந்த தியேட்டர் ஒன்றுதான், சத்திரசிகிச்சை செய்கிற அறை. ஊரில் நான் ஆஸ்பத்திரியில் தியேட்டர் நேர்ஸ். இங்கே என் படிப்பைப் படிப்பாக எடுக்கவில்லை. ஆனாலும் வேலை அதே மாதிரி ஒரு தியேட்டரில்தான் கிடைத்தது. சத்திரசிகிச்சை முடிந்து வருகிற ஆயுதங்களைக் கழுவி, அவித்து, தட்டில் அடுக்கி, அடுத்த ஆளுக்குத் தூக்கிக்கொண்டு போகிற வேலை. என் பிள்ளை நான் விட்ட இடத்திலிருந்து உள்ளே போகப் போகிறாள் என்று அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

"மெய்யாவோ? நாள் முழுக்க நிக்கவேணும், தெரியுமே? கால் வீங்கும்."

"தெரியும். நான் நிப்பன்."

"மேல லைட்டு. கண்ணைக் குத்தும்."

"பழகிடும் அம்மா."

"முகத்தை மூடிக்கொண்டு நிக்கவேணும்."

"எல்லாத்திலயும் இல்லை. சிலதிலதான் மாஸ்க்."

"ரத்தம் கண்டு மயங்கமாட்டியே?"

"அது பொய் ரத்தம்தானே!"

படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் பொம்மையில் வைத்துப் பழக்குவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து உன்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். நீயும், அம்மா இவ்வளவு லேசாகச் சம்மதித்துவிட்டாளே என்று என்னைக் கொஞ்சினாய். அந்த வெள்ளிக்கிழமைப் பூசையில் கோயம்புத்தூர் ராஜியிடம் சொன்னேன். "ஆமாங்களா! அம்மாவும் தியேட்டரு, பொண்ணும் தியேட்டரா? அப்ப சர்ஜன்தான்னு சொல்லுங்க!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். அடுத்த வெள்ளிக்குள் மவுண்ட் ரொஸ்கில்லிலும் சாண்ட்ரிங்கமிலும் இருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் நீ டொக்டர்.

பிறகு ஒரு நாள் நீ சப்பாத்து வாங்கக் காசு கேட்டாய். காலால் தாளம் தட்டி ஆட, அடியில் இரும்புத் தகடு வைத்த சப்பாத்து. "இரும்புச் சப்பாத்தோ? கோதாரி! தியேட்டருக்குள்ள நாங்கள் சத்தமே கேக்காத ரப்பர் செருப்பிலயெல்லே நடக்கிறனாங்கள்!" என்றேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு நிலத்தில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்பாவும் பத்திரிகையை முகத்துக்குப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கூத்தாடவோ கடல் கடந்து வந்தனாங்கள் என்று கத்தினேன். நான் கத்திய மற்றவற்றை இங்கே எழுத மலர்க்குழு விடாது. ஆனால் ராஜியிடம் போய் அதைத் திருத்தவில்லை. "தியேட்டர் எப்பிடிப் போகுது?" என்று கேட்பார்கள். "போகுது" என்பேன். அவ்வளவுதான்.

சேர்ந்த பிறகு, சாப்பாட்டு மேசையில் அப்பா உங்கள் கல்லூரிக் கையேட்டை அகராதியும் கையுமாக வாசித்துச் சொல்லுவார். எல்லர்ஸ்லி ஒபிசில் பகல் முழுக்க வீடு கட்டுகிற ஆட்களுக்குப் பிளான் கீறிவிட்டு வந்து, பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுப்பார். எனக்கு விருப்பமில்லை. ஆனால் காது திறந்துதானே கிடக்கிறது. டிகிரி என்றால் புத்தகமும் சோதனையும் என்று நினைத்திருந்தேன். இது என்னவென்றால், உடம்பில் ஓரிடத்தையும் விட்டுவைக்காத படிப்பு. குரலுக்கு ஒரு பாடம், காலுக்கு மூன்று விதமான ஆட்டம், முன்பின் பார்க்காத தாளைக் கையில் தந்தால் அந்தக் கணமே பாட வேண்டும், பியானோவும் ஓரளவுக்கு வாசிக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் உடுப்புத் தைக்கவும் லைட்டுத் தூக்கவும் இத்தனை மணித்தியாலம் நின்றதாக ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு நாடக வரலாற்றில் கட்டுரையும் எழுத வேண்டும். என் நேர்ஸ் படிப்பு இதில் பாதிக்கும் வராது என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா அதை ஒரு கிழமைக்குச் சொல்லிக்காட்டினார்.

தவணை முடிவில் ஆசிரியர்கள் வரிசையாக இருக்க, தனியே நின்று பாடிக்காட்ட வேண்டும். அந்தக் குழுவுக்கு உங்கள் ஆட்கள் வைத்த பெயர் ஜூரி. "நாளைக்கு எனக்கு ஜூரி" என்று நீ சொல்லிவிட்டுப் பாணுக்கு ஜாம் பூசினாய். அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ன வழக்கு? பொலிசோ? எங்கட பேப்பரெல்லாம் சரிதானே, அதைப் பறிப்பாங்களோ?" என்று அந்த மனிதர் பட்ட பாடு! ஜூரி என்றால் எங்களுக்குக் நீதிமன்றம், கூண்டு, கைவிலங்கு. நீ இதற்கும் சிரித்தாய். அன்றைக்கு நானும் சிரித்தேன், அது உனக்குத் தெரியாது, குசினிக்குள் போய்ச் சிரித்தேன்.

அந்த ஜூரியில் உன் குரல் வழுக்குகிறது என்றார்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நேராகப் போகாமல் வளைந்து போகிறாயாம். எட்டு வருடம் சனிக்கிழமை காலையில் சங்கீத ரீச்சரிடம் கொண்டுபோய் விட்டு நாங்கள் பழக்கினது அந்த வளைவைத்தான்! ஆட்டத்திலும் அப்படி. பரதத்தில் நிலத்தை மிதிக்கப் பழக்கிய காலை, நிலம் படாதது போலத் தூக்கு என்றார்கள். நீ கராஜுக்குள் நின்று, ஒரு சுரத்தை மயிரிழை அசையாமல் பிடித்துப் பிடித்துப் பாடினாய். உடுப்புத் தோய்க்கிற மெஷின் சத்தத்துக்கு மேலாக அந்த ஒற்றைச் சத்தம் வரும். பியானோ வாங்க வழியில்லை, பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் இருந்ததை வாசிக்க விட்டார்கள். சனி ஞாயிறில் வெஸ்ட்கேட்டில் புதிதாகத் திறந்த கடையில் நின்றுவிட்டு, பஸ் மாறி மாறி வந்து, சாப்பிடாமல் அந்த மண்டபத்துக்கு ஓடுவாய். உனக்காகச் சோற்றை மூடிவைத்துவிட்டு, இந்தக் கண்டறியாத படிப்பு எப்போது முடியும் என்று ஏசிக்கொண்டே இருப்பேன். அடுத்த ஜூரியில் நீ நேராகப் பாடிவிட்டாய். அன்றிலிருந்து வீட்டில் தேவாரம் பாடினாலும் நேராகத்தான் பாடினாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என் பிள்ளை நினைத்ததைச் செய்கிறவள் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு விதி இருந்தது. படித்து முடிப்பதற்குள் கல்லூரியின் பொது நாடகத்தில் பெயருள்ள ஒரு பாத்திரமாவது ஏற்று நடித்திருக்க வேண்டும். கூட்டத்தில் நிற்பது கணக்கில் இல்லை. அப்பா வாசித்ததும் நான் சொன்னேன், "பேருள்ள பாத்திரமோ? என்ர பேணியைக் கொண்டுபோய்க் குடு. அதில வடிவாப் பேர் வெட்டிக் கிடக்கு." மூன்று பேரும் சிரித்தோம். அந்த மேசையில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று தோன்றுகிறது. சரியாக நினைவில்லை.

முதல் வருடம் நீ சந்தையில் நிற்கிற பெண். இரண்டாம் வருடம் விருந்துக்கு வந்த பெண்களில் ஒருத்தி. நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு இரண்டுக்கும் வந்தேன். இருட்டுக்குள் நீ எங்கே நிற்கிறாய் என்று கண்ணால் தேட முதலே காதால் கண்டுபிடித்துவிட்டேன். அத்தனை குரலுக்குள்ளும் உன் குரல் எனக்குத் தனியே கேட்டது. பிறகு லைட் எரிந்ததும் நிகழ்ச்சித் தாளில் உன் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், மற்றவர்கள் என்ற பகுதியில், எழுத்துப் பிழையோடு இருந்தது. "அடுத்த வருசம் பார் அம்மா," என்றாய்.

அடுத்த வருடமும் வந்தது. இங்கிலாந்தில் ஒரு பெரிய வீடு, அம்மா, அப்பா, மூன்று பெண் பிள்ளைகள் என்று ஒரு கதை. நடுப்பிள்ளையின் பாத்திரத்துக்கு நீ பாடினாய். பாடி முடிந்ததும், பாத்திரம் உனக்குத்தான் என்று மற்றப் பிள்ளைகளே சொன்னார்களாம், அப்படிப் பாடினாயாம். இது நீ சொன்னதில்லை, உன் சிநேகிதி சீனா சொன்னது. ஆனால் அது கிடைக்கவில்லை. நாடகத்தை இயக்கிய மனுஷி உன்னைத் தனியே கூப்பிட்டு, நீ நன்றாகத்தான் பாடினாய், ஆனால் குடும்பம் என்றால் பார்க்கிறவர்களுக்குக் குடும்பம் மாதிரித் தெரிய வேண்டும் என்றாளாம். அம்மாவும் அப்பாவும் அக்காவும் தங்கையும் வெள்ளை. நடுவில் நீ எப்படி? உனக்குத் தட்டில் தேநீர் கொண்டுவருகிற வேலைக்காரியைத் தந்தார்கள். அவளுக்கு ஒரு வரிப் பேச்சும் இல்லை, பெயரும் இல்லை. சமோவாப் பிள்ளை சீனாவுக்குச் சமையல்காரி. அந்தச் சமையல்காரிக்குக் கதையிலேயே ஒரு பெயர் இருந்தபடியால் அவள் தப்பிவிட்டாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீ குசினி வாசலில் நின்று சொன்னது மட்டும்தான். நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் விட்டிட்டன்."

"எதை?"

"கோர்ஸை. தட்டுத் தூக்கிற ஆளுக்கு ஒரு பேர் வைச்சுத் தாறம், அதோட கணக்கு முடிஞ்சிடும் எண்டு சொல்லிச்சினம். நான் மாட்டன் எண்டிட்டன்."

"உனக்கென்ன விசரே? பேர் வைச்சுத் தாறம் எண்டவையெல்லே! தட்டைத் தூக்கு, டிகிரியை எடு, வெளியில வா. பேரில என்ன கிடக்கு?"

"ஏலாதம்மா."

"ஏன் ஏலாது? ஒரு தட்டுத் தூக்க உனக்கு வெக்கமோ? உன்ர கொம்மா ஒவ்வொரு நாளும் தட்டுத்தான் தூக்கிறாள்!"

"அதுதான் அம்மா," என்றாய்.

வேறொன்றும் சொல்லவில்லை. அதுதான் அம்மா. நான் அடுப்பை நிற்பாட்டினேன். நீ சொன்னது எனக்கு ஒரே ஒரு விதமாகத்தான் விளங்கியது. தட்டுத் தூக்குகிற இந்தப் பிறவி எனக்கு வேண்டாம், உன்னை மாதிரி ஆக மாட்டேன் என்று என் பிள்ளை என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு நீ விமானம் ஏறுகிற நாள் வரை உனக்கு என் வாயிலிருந்து வந்தது சாப்பாடு இருக்கு, குடை எடு என்கிற மாதிரியான கதைதான். நீ போன நாளில் எனக்கு வேலை இல்லை. நானே கேட்டு வேலை போட்டுக்கொண்டேன். அப்பா உன்னை விமான நிலையத்தில் விட்ட நேரம், நான் முகமூடியும் தொப்பியுமாக ஒரு இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சைக்குத் தட்டுக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். கண் நிறைந்து தெரியாமல் கதவில் இடித்தேன். கவனம் லவ், என்றார் ஒரு டொக்டர்.

போன கிழமை சீனா வீட்டுக்கு வந்தாள். கல்லூரி லொக்கரில் கிடந்த உன் இரும்புச் சப்பாத்தைக் கொண்டுவந்தாள். சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என்னைப் பார்த்து என் பெயரைச் சொன்னாள். இதுதானே உங்கள் பெயர் ஆன்ட்டி என்றாள். ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ வீட்டில் சொல்லியிருப்பாய் என்று நினைத்தாளாம் அந்தப் பிள்ளை. தேத்தண்ணி ஆற ஆற எல்லாவற்றையும் சொன்னாள்.

உனக்குப் பெயருள்ள பாத்திரம் இல்லாமல் போகிறதே என்று அந்த இயக்குநர் மனுஷியே கவலைப்பட்டுத்தான் ஒரு வழி கண்டுபிடித்தாளாம். உன் அம்மாவின் பெயர் என்ன என்று சும்மா கேட்பது போலக் கேட்டாளாம். நீயும் சும்மா சொன்னாயாம். அழகான பெயர், வாயில் லேசாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அன்று பின்னேர ஒத்திகையில் நீ தட்டோடு மூலையில் நிற்கிறாய். சாய்வு நாற்காலியில் இருந்த வீட்டுக்காரி கையைத் தட்டி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தேநீர் எங்கே என்று கேட்கிறாள். எந்தப் பெயர் என்று உன்னிடம் சொல்லாமலே கதையில் சேர்த்துவிட்டார்கள். நீ அசையவில்லையாம். திரும்பவும் கூப்பிட்டாளாம், இந்த முறை கொஞ்சம் உரக்க. நீ தட்டை மெதுவாக நிலத்தில் வைத்தாயாம். "அது என் அம்மாவின் பெயர். என் அம்மா தட்டுத் தூக்கிற ஆள் இல்லை. அவ தியேட்டர் நேர்ஸ்," என்றாயாம். தியேட்டரில் நேர்ஸுக்கு என்ன வேலை என்று ஒருத்தன் கேட்க, எல்லாரும் சிரித்தார்களாம். நீ திரும்பிப் பார்க்காமல் நடந்து வெளியே வந்துவிட்டாயாம்.

இதைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே ஒப்பாரி வைத்து அழுதேன். அவள் பயந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு, திரும்பச் சேர்ந்து அந்த ஒன்றை முடிக்க வழியில்லையா என்று கேட்டேன். இல்லையாம். பிள்ளைகள் காணாது என்று அந்தப் படிப்பையே இந்த வருடத்தோடு மூடுகிறார்களாம். வேறிடம் போனால் முதலாம் வருடத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். கராஜில் நின்று பிடித்த அந்தச் சுரம், தைத்த உடுப்பு, ஓடின பஸ், எல்லாம் போயிற்று. ஊரில் எல்லாரும் இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கொம்பியூட்டர் நின்றுவிடும் என்று தண்ணீர்ப் போத்தலும் ரின்னில் அடைத்த மீனும் வாங்கி அடுக்குகிறார்கள். எங்கள் வீட்டில் நிற்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

ஒரு தாய் இந்த இடத்தில் புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றுதான். கோபம் வந்தால் முழு வசனமாகச் சொல்லு. பாதியில் விடாதே. அதுதான் அம்மா என்று சொல்லிவிட்டு நிற்காதே. வேலைக்காரிக்கு உன் பெயரை வைத்தார்கள் அம்மா, அதனால்தான் விட்டேன் என்று சொல்ல உனக்கு எத்தனை சொல் வேண்டும்? அவ்வளவு பெரிய பாட்டெல்லாம் பாடமாக்கினாயே! அதைச் சொல்லியிருந்தால் நான் உன்னை வழியனுப்ப வந்திருப்பேன். சொல்லாமல் விட்டது என்னை நோகப்பண்ணாமல் இருக்கத்தான் என்றும் தெரியும். தட்டுத் தூக்குவது கேவலம் என்று நினைக்கிறாயா என்று நான் கேட்டால், நீ என்ன பதில் சொல்வாய்? அதுதான் வாயை மூடினாய். தெரிந்தும் கோபம் போகவில்லை.

ஏன் தெரியுமா? நீ அங்கே சொன்னது பொய், பிள்ளை. நான் நேர்ஸ் இல்லை. இந்த நாட்டில் ஒரு நாளும் நேர்ஸாக இருந்ததில்லை. நான் உன்னை ஊருக்கு டொக்டராக்கினேன், நீ என்னை உன் வகுப்புக்கு நேர்ஸாக்கினாய். நீ தாங்கமுடியாமல் நிலத்தில் வைத்த தட்டை நான் நாளைக்குக் காலையிலும் போய்த் தூக்குவேன். வாய் பேசமாட்டேன், பேசவும் தேவையில்லை. கதவு திறக்கும், வைப்பேன், வருவேன். நான் உயிரோடும் சுகத்தோடும் செய்கிற வேலையைப் பார்த்து நீ ஒரு பட்டத்தையே எறிந்துவிட்டுப் போனாய். நான் என்ன செய்ய? அந்தத் தட்டைத் தூக்கியிருக்கலாம் தர்சி. ஒரு மணித்தியாலம். கைதட்டல். முடிந்தது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

நீ காப்பாற்றிய அந்தப் பெயரை இங்கே ஒருவரும் கூப்பிடுவதில்லை என்பது உனக்குத் தெரியுமா? வேலையில் நான் லவ், இல்லாவிட்டால் டியர். டொக்டரிடம் போனால் கூப்பிடுவது உன் அப்பாவின் பெயரை. பூசையில் நான் தர்சியின் அம்மா. அப்பாவுக்கு நான் இஞ்சாரும். உனக்கு அம்மா. இந்த ஊருக்கு வந்து இறங்கிய பிறகு ஒரு மனிதர் என்னைப் பார்த்து என் பெயரைச் சொன்னது, போன கிழமை, உன் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தச் சமோவாப் பிள்ளைதான். அதற்கு முதல் அந்தப் பெயர் ஒருக்கால் உரத்துக் கேட்டது உங்கள் ஒத்திகை மண்டபத்தில். நான் அங்கே இல்லை. நீ அதில் நடித்திருந்தால் நான் வழமைபோல வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். மூன்றாவது வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். அத்தனை சனத்துக்கு முன்னால் ஒருத்தி கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டிருப்பாள். உள்ளேயிருந்து நீ வந்திருப்பாய். எனக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறாயா? நான் எழும்பி நின்றிருப்பேன்.

அடுத்த முறை போன் எடுக்கும்போது அப்பாவிடம் அம்மா இருக்கிறாவா என்று கேட்காதே. பிள்ளைகள் தாயின் பெயரைச் சொல்லுவது மரியாதையில்லை என்று நான்தான் உனக்குப் பழக்கினேன். அதை இந்த ஒருமுறை விடு. பெயரைச் சொல்லிக் கேள். நான் வந்து வாங்குவேன்.

மலர்க்குழுவில் இருந்து நேற்றுக் கேட்டார்கள், கடிதத்துக்குக் கீழே என்ன பெயர் போட என்று. தேத்தண்ணி குடிக்கலாம் என்று அலுமாரியைத் திறந்தால், நீ போன நாளிலிருந்து என் பெயர் வெட்டின பேணி அங்கே இல்லை. தொலைந்துவிட்டது என்று அப்பா இன்னும் தேடுகிறார். நான் தேடவில்லை. பெயர் என்னிடம் இல்லை, என் மகளிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.